மீட்டரில் ஏறாத இரண்டு பதிவுகள்

சாயங்காலம் ஆறே கால் மணி. பட்டியலில் பதினோரு பேர். பதினொன்றாவது பெயர் ஜெபராணி. இதில் என் தப்பு என்ன இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள் தம்பி.

இல்லை, முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். நீங்கள் மடியில் லேப்டாப்பைத் திறந்ததுமே பார்த்துவிட்டேன், அந்தக் கறுப்புத் திரையில் இருப்பது பைத்தான். இந்தச் சங்கரன்கோவில் பஸ்ஸில் பைத்தான் தெரிந்த ஆள் பக்கத்தில் வந்து உட்காருவது தினமும் நடக்கிற காரியம் இல்லை. திருநெல்வேலி போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள். காது மட்டும் இந்தப் பக்கம் இருக்கட்டும்.

என் பெயர் ஆவுடைநாயகம். கரண்ட் ஆபீஸில் ரீடிங் எடுக்கிற வேலை, முப்பத்து மூன்று வருடம். ஒரு வீட்டு நாய்கூட என்னைக் கடித்ததில்லை. ரிட்டயர் ஆனபிறகு மற்றவர்கள் மாதிரி சீட்டாடப் போகவில்லை, கோயில் கமிட்டியில் சேரவில்லை. கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுகிற பைத்தான் படித்தேன். யூடியூபில்தான். பெங்களூரில் மருமகன் இருக்கிறார், சாஃப்ட்வேர். சந்தேகம் கேட்டு மெசேஜ் போட்டால் கட்டைவிரல் படம் அனுப்புவார். அதற்குச் சரி என்று அர்த்தமா, பிறகு பார்க்கலாம் என்று அர்த்தமா என்பது இன்றுவரை தெரியவில்லை. நானாகவே கற்றுக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

எனக்குக் கபடிப் பைத்தியம். ஆடியதில்லை, அதற்கு உடம்பு வேண்டும். பார்ப்பேன். என்னை மாதிரி ஆட்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் எந்த ஊரில் போட்டி நடந்தாலும் எங்களில் ஒருவர் காமிராவோடு நிற்போம். முதல் ஆட்டத்திலிருந்து பரிசு கொடுக்கிற வரைக்கும் முழுசாக எடுப்போம். வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்க்கிற வேலையெல்லாம் கிடையாது.

அப்படி எடுத்தால் ஒரு ஊர்ப் பதிவு நாற்பது ஜிபி, ஐம்பது ஜிபி வந்துவிடும். வாட்ஸப்பில் போகுமா. அதற்குத்தான் டொரண்ட். உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் சொல்கிறேன். கோப்பைத் துண்டு துண்டாக்கிவிட வேண்டியது. யாரிடம் எந்தத் துண்டு இருக்கிறதோ அவர் கம்ப்யூட்டரிலிருந்து அது நமக்கு வரும். நம்மிடம் வந்த துண்டு, கேட்கிற அடுத்தவருக்குப் போகும். முதல் பந்தியில் சாப்பிட்டவன் எழுந்து அடுத்த பந்திக்குப் பரிமாறுகிறான் இல்லையா, அந்த மாதிரி. சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போகிறவனும் இருப்பான். அவனைப் பிடிக்கத்தான் நான் வந்தேன்.

இப்போது ஜெபராணி டீச்சர் யார் என்று சொல்லிவிடுகிறேன். கடையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். பெண் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுத்து ஒரு அணியை உண்டாக்கியவர். குழுவில் அவர் ஒருவர்தான் பெண். நாங்களெல்லாம் பொழுது போகப் பதிவு பார்ப்போம். அவர் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, நிறுத்தி நிறுத்திக் காட்டுவார். எதிரணிக்காரி எந்தக் காலை முன்னால் வைக்கிறாள், எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று.

இந்த வருடம் ஆகஸ்ட் இருபத்துநான்கு, பாவூர்சத்திரத்தில் மகளிர் இறுதிப் போட்டி. மாநிலப் பயிற்சி முகாமுக்கு ஆள் எடுக்கிறவர்கள் அந்த ஒரு ஆட்டத்தைப் பார்க்க வருகிறார்கள். டீச்சர் அணியில் மகராசி, பிரிஸ்கில்லா என்று இரண்டு பிள்ளைகள். இரண்டு பேருக்கும் இதுதான் கடைசி வருடம், அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். எதிரே வருவது கடற்கரைப் பக்கத்து அணி. அதில் ஷைனி என்று ஒரு ரைடர். அந்தப் பெண்ணை இந்த வருடம் பிடித்த ஆள் கிடையாது. அவள் ஆடிய இரண்டு போட்டிகளை எங்கள் ஆட்கள் எடுத்திருந்தார்கள். ஆகஸ்ட் முதல் வாரம் குழுவில் ஏறப்போகிறது. டீச்சருக்கு வேண்டியது அந்த இரண்டு பதிவு. அவ்வளவுதான். இதை வைத்துத்தான் இன்றைக்கு எல்லாரும் என்னைப் பேசுகிறார்கள்.

யார் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று குழுவில் யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதும் இல்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. மீட்டர் இல்லாமல் ஒரு இணைப்பா. ஜூலைக் கூட்டத்தில் நானே தீர்மானம் கொண்டுவந்தேன். இரண்டு வாரத்துக்கு ஒரு கணக்கு எடுப்பது, எடுத்ததில் பாதியாவது கொடுக்காதவருக்கு ஒரு மாதம் துண்டிப்பு. எல்லாரும் டீயும் கையுமாக இருந்தார்கள். இன்னொரு கையைத் தூக்கினார்கள். டீச்சரும் தூக்கினார், அதைக் கவனியுங்கள்.

கணக்கு எடுக்கிறது லேசான வேலை இல்லை தம்பி. அந்த டொரண்டுக்குப் பைத்தானில் யாரோ எழுதி வைத்த ஒரு நிரல் லைப்ரரி இருக்கிறது. டொரண்ட் ஓட ஆரம்பித்து நிற்கிற வரைக்கும் ஒரு செஷன். அந்தச் செஷனிடம் புள்ளிவிவரம் கேட்டால் உடனே கையில் கொடுத்துவிடாது. கேட்டு வைக்க வேண்டும். கொஞ்சம் பொறுத்து அறிவிப்புப் பெட்டியில் பதில் விழும். எங்கள் ஆபீஸ் மாதிரியேதான், அதனால் எனக்குச் சிரமமாகத் தெரியவில்லை. பதிலை எடுத்துப் பார்த்தால் வெறும் எண்கள், நூற்றுக்கணக்கில், ஒன்றுக்கும் பெயர் கிடையாது. எத்தனையாவது எண் எதைக் குறிக்கிறது என்று தனியாக விசாரித்துக்கொள்ள வேண்டும். விசாரித்தேன். 'அனுப்பிய அளவு' எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்த அன்றைக்கு வீட்டில் பாயசம். நான்தான் வைக்கச் சொன்னேன்.

பிறகு ஒவ்வொரு வீடாகப் போனேன். எல்லாரும் சம்மதித்து, காப்பி கொடுத்து, கம்ப்யூட்டரைத் திறந்து விட்டார்கள். மணிக்கு ஒரு தடவை என் நிரல் புள்ளிவிவரத்தைக் கேட்கும், வருகிற எண்ணை எனக்கு அனுப்பும். நான் எல்லாவற்றையும் கூட்டுவேன். சாயங்காலம் ஆறே காலுக்குப் பட்டியல் வாட்ஸப்பில் ஏறும். ஒரு நாள்கூட ஆறு இருபது ஆனதில்லை.

முதலிடம் வேலாயுதம். சுரண்டையில் கல்யாண வீட்டுக்கு ஜெனரேட்டர், பந்தல், மைக்செட் வாடகைக்கு விடுகிறவர். ஊரே இருட்டானாலும் அவர் கடையில் லைட் எரியும். கம்ப்யூட்டரும் ஓடும். முதல் வாரமே மற்றவர்களை எங்கேயோ விட்டுவிட்டுப் போய்விட்டார். இரண்டாவது வாரம் முடிந்தபோது ஐம்பத்தாறு டெராபைட், அதாவது ஐம்பத்தாறாயிரம் ஜிபி. போன் பண்ணினார்.

"என்னவே, நானா இம்புட்டுக் குடுத்திருக்கேன்?"

"நீருதான்."

"என் டிஸ்க்குல இருக்கதே நாலு டெராபைட்டுதானவே."

"ஒரே இலைய எத்தன பேருக்கு வேணாலும் போடலாம்லா," என்றேன்.

அது என்ன பேச்சு என்று அவருக்குப் புரிந்திருக்காது. எனக்கும் அந்த நேரம் வாயில் வந்தது. ஆனால் மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூன்றாம் நாள் கடை வாசலில் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார். வெள்ளை வேட்டி சட்டையில் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார், மேலே 'ஐம்பத்தாறு டெராபைட் வாரி வழங்கிய வள்ளல்' என்று. கீழே, இவண் சம்பந்தி வகையறா. ஜெனரேட்டர் வாடகைக்குக் கேட்க வருகிறவர்கள் டெராபைட் என்ன விலை என்று விசாரித்தார்களாம்.

கடைசி இடம் டீச்சர். எடுத்தது நானூறு ஜிபி. அதை அவர் கம்ப்யூட்டரில் முடிந்திருக்கிற கோப்புகளை வைத்துப் பார்த்தேன், அதில் சந்தேகம் இல்லை. கொடுத்தது ஐம்பது.

எங்கள் குழுவில் யாரிடம் என்ன பதிவு இருக்கிறது என்று வழி சொல்கிற சின்ன நிரல் ஒன்று என் வீட்டு கம்ப்யூட்டரில் ஓடுகிறது. அதில் பெயர் இருந்தால்தான் உள்ளே வரலாம். டீச்சர் பெயரை எடுத்துவிட்டேன். எனக்கு அவர்மேல் ஒரு கோபமும் கிடையாது. பில் கட்டாத வீட்டில் போய் ஃபியூஸைப் பிடுங்குகிறவனுக்கு அந்த வீட்டுக்காரர்மேல் என்ன கோபம்.

மறுநாள் காலையிலே போன்.

"அண்ணாச்சி, உள்ள போக முடியலயே. எதும் பழுதா?"

"பழுதெல்லாம் இல்ல டீச்சர். துண்டிச்சிருக்கு. நானூறு எடுத்துட்டு அம்பதுதான் குடுத்திருக்கீங்க."

பின்னால் பிள்ளைகள் ஓடுகிற சத்தம் கேட்டது.

"நான் மிஷின அணைக்கதே கிடையாது அண்ணாச்சி. இந்தச் சாரல்ல கரண்டு போகும், வரும், போகும், வரும். வந்த உடனே அது தானா ஓட ஆரம்பிச்சிரும். பாதி நாள் வோல்டேஜ் பத்தாம வீட்டுல லைட்ட அணைச்சுட்டு அதத்தான் ஓட்டுதேன். எப்படி அம்பது வரும்?"

கரண்டைப் பற்றி யார் குறை சொன்னாலும் எனக்குச் சுருக்கென்று வந்துவிடும். முப்பத்து மூன்று வருடம் தம்பி. "சாரல் காத்துக்கு மரம் லைன் மேல விழுந்தா அதுக்கு லைன்மேன் என்ன செய்வான் டீச்சர்," என்றேன்.

"நான் லைன்மேன ஒண்ணுமே சொல்லலியே. ஒங்க கணக்கத்தான் கேக்கேன்."

"எண்ணு பொய் சொல்லாது டீச்சர்."

"அது ஒண்ணும் சொல்லாது. சொல்லுதது நீங்கதான்."

பாருங்கள், மரியாதையாகவே பேசினார், ஆனால் இப்படிப் பேசினார். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "சரி அண்ணாச்சி, தண்டனை இருக்கட்டும். ஷைனி ஆடின ரெண்டு பதிவ மட்டும் எடுத்துக்கிடுதேன். போட்டி முடிஞ்சதும் ரெண்டு மாசம் வேணாலும் துண்டிச்சுக்கிடுங்க. இந்த ரெண்டு பிள்ளையளுக்கு இத விட்டா வேற வழி கிடையாது," என்றார்.

ஃபியூஸைப் பிடுங்கின வீட்டில் ஃபேனுக்கு மட்டும் கரண்ட் விடு என்றால் விட முடியுமா. அதைத்தான் கேட்டேன். நியாயமான கேள்வி. டீச்சர் போனை வைத்துவிட்டார்.

மானூர் தாண்டிவிட்டோமா? இன்னும் இல்லை. நல்லது.

ஒரு வாரம் கழித்து வேலாயுதம் என்னைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டார், டெம்போவில். முகமெல்லாம் சிவந்திருந்தது. அவருக்கு இண்டர்நெட் கொடுக்கிற கேபிள்காரர் மாதக் கணக்கு அனுப்பியிருக்கிறார். அதில் இரண்டு வாரத்துக்கும் சேர்த்து முந்நூற்றுச் சொச்சம் ஜிபிதான் வெளியே போயிருக்கிறது.

"ஊரக் கூட்டி ஃபிளெக்ஸ் வச்சிருக்கேன். நான் குடுத்தத அந்தப் பய முழுங்கிட்டாம்வே. வாரும், கேட்டுட்டு வருவோம்."

எனக்கும் கோபம்தான். என் கணக்கை ஒரு கேபிள் ஆபீஸ் குறைத்துக் காட்டுவதா. அச்செடுத்த தாள்களை எடுத்துக்கொண்டு டெம்போவில் ஏறினேன்.

கேபிள்காரர் பெயர் தாவீது. சின்ன வயது. பேசும்போது பாதிச் சிரிப்பாகவே பேசுவார், அது எனக்குப் பிடிக்காது.

"அண்ணாச்சி, ஒங்க பிளானுக்கு அம்பத்தாறு டெராபைட் வெளிய போகணும்னா நாலு மாசம் நிக்காம போகணும். ரெண்டு வாரத்துல எப்படிப் போச்சு?"

"ஜெனரேட்டர் போட்டு ஓட்டினேன்லா," என்றார் வேலாயுதம்.

"ஜெனரேட்டர் போட்டா வயரு பெருசாயிருமா?"

பிறகு என் தாளை வாங்கிப் பார்த்தார். விரல் வைத்து வாசித்தார். "மொத மணிக்கு ஒண்ணு. ரெண்டாவது மணிக்கு ரெண்டு. அடுத்தது மூணு. அடுத்தது நாலு. எறங்கவே இல்லியே. இத எல்லாத்தையும் கூட்டியா போட்டீங்க?"

"பின்ன?"

"அண்ணாச்சி, இது மணிக்கு மணி குடுத்த அளவு இல்ல. ஆரம்பிச்சதுல இருந்து இதுவரைக்கும் உள்ள மொத்தம். நாலாவது மணில நாலுன்னா, மொத்தமே நாலுதான். நீங்க ஒண்ணையும் ரெண்டையும் மூணையும் நாலையும் கூட்டிப் பத்துன்னு போட்டிருக்கீங்க." தாளைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நீங்க எங்க தெருவுக்கு ரீடிங் எடுக்க வந்தவுகதான? அப்பம் எங்க அம்மைக்கும் இப்படித்தான் பில்லு போட்டீகளா, பழைய ரீடிங்கக் கழிக்காம?"

கடையில் ரீசார்ஜ் பண்ண வந்திருந்த நாலு பேர் சிரித்தார்கள். வேலாயுதம் சிரிக்கவில்லை. ஃபிளெக்ஸ் அடித்தவர் எப்படிச் சிரிப்பார்.

பழைய ரீடிங்கைக் கழிக்காமல் நான் ஒரு வீட்டுக்கும் கணக்குப் போட்டது கிடையாது தம்பி. சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் அது மீட்டர். சுவரில் மாட்டியிருக்கும், கண்ணாடி போட்டிருக்கும், பார்த்தாலே மீட்டர் என்று தெரியும். இது கம்ப்யூட்டர். ஒரு மணிக்கு ஒரு தடவை கேட்கிறேன், ஒரு மணிக்கு உள்ளதைத்தானே சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்து அந்த லைப்ரரியின் விளக்கப் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். 'செஷன் தொடங்கியதிலிருந்து' என்று நடுவில் ஒரு வரி இருக்கிறது, சின்ன எழுத்தில். அவ்வளவு முக்கியமென்றால் மேலே சிவப்பில் போட்டிருக்க வேண்டியதுதானே. எழுதுகிறவர்களுக்குப் பொறுப்பு வேண்டும்.

சரி, உட்கார்ந்து திருத்தினேன். வேலாயுதம் ஐம்பத்தாறு டெராபைட்டிலிருந்து முந்நூற்று நாற்பது ஜிபிக்கு இறங்கினார். ஏழாவது இடம். கேபிள்காரர் சொன்ன எண்ணோடு ஒத்துப்போனது, அது தற்செயல். டீச்சர் விவகாரம் அப்படி இல்லை. கரண்ட் போனால் கம்ப்யூட்டர் அணைந்துவிடுகிறது. திரும்ப வரும்போது அது புதுச் செஷன், புது மீட்டர், பூஜ்யத்திலிருந்து ஓடுகிறது. நான் மணிக்கு ஒரு தடவைதான் கேட்கிறேன். அதற்குள் அங்கே இரண்டு தடவை கரண்ட் போய் வந்திருக்கும். அந்த நேரத்தில் அவர் கொடுத்ததெல்லாம் கேட்பதற்கு முன்னாலேயே அழிந்துபோயிற்று. கொடுத்திருக்கிறார், ஆனால் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

இதற்கு எங்கள் ஆபீஸில் வழி இருக்கிறது. மீட்டர் எரிந்துபோன வீட்டுக்குச் சராசரி போடுவோம். மற்ற பத்துப் பேருடைய சராசரியை எடுத்து டீச்சர் பெயரில் போட்டேன். முந்நூற்றுச் சொச்சம் வந்தது. பாதிக்கு மேலே. துண்டிப்பு தேவையில்லை என்று ஆகிவிட்டது. யாரும் கேட்காமலே நானே போன் பண்ணிச் சொன்னேன், அதையும் கவனியுங்கள்.

"ஒங்களுக்குச் சராசரி போட்டிருக்கேன் டீச்சர். பாஸ் ஆயிட்டீங்க."

"எனக்குச் சராசரி வேண்டாம் அண்ணாச்சி. ரெண்டு பதிவு போதும். எப்பம் திறந்து விடுவீக?"

"கூட்டத்துல வச்சுத் தீர்மானம் போட்ட உடனே. செப்டம்பர் ஏழு, ஞாயித்துக்கெழம."

"போட்டி ஆகஸ்ட் இருபத்துநாலு."

"தெரியும் டீச்சர். ஆனா துண்டிச்சது தீர்மானத்துலதான. திரும்பக் குடுக்கதும் தீர்மானத்துலதான் குடுக்க முடியும். கரண்ட் ஆபீஸ்ல தப்பா பில்லு வந்தாலும் முதல்ல கட்டிட்டுத்தான் மனுக் குடுக்கணும்."

"அப்பம் என் பிள்ளையளத்தான் கட்டச் சொல்லுதீக," என்றார்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான் என்ன செய்ய முடியும். இன்றைக்கு டீச்சருக்காக ஒரு விதியை வளைத்தால் நாளைக்கு இன்னொருவர் வருவார். என் வீட்டுக்காரி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவளுக்கும் கபடிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

ஆகஸ்ட் இருபத்துநான்கு பாவூர்சத்திரம் என் முறை. காமிரா முறையைச் சொல்கிறேன். டீச்சரைப் பார்க்கவோ, எப்படி ஆடுகிறார்கள் என்று பார்க்கவோ போகவில்லை. மத்தியானமே போய் ஸ்டாண்டைப் போட்டு நல்ல இடம் பிடித்துக்கொண்டேன். நாலு மணிக்கு ஆட்டம் ஆரம்பித்தது. தேர்வுக்காரர்கள் மூன்று பேர் முன்வரிசையில் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் பாதியில் ஷைனி சும்மா வந்து தொட்டுவிட்டுப் போனாள், எப்போதும்போல. டீச்சர் பிள்ளைகள் அவளைப் பிடிக்கப் போகவே இல்லை. விட்டு விட்டுக் கவனித்தார்கள். மற்ற ரைடர்களைத்தான் பிடித்தார்கள். இரண்டாம் பாதி முடிகிற சமயம் முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று. ஷைனி கடைசியாகப் பாடி வந்தாள்.

அந்த இரண்டு பதிவையும் நான் வீட்டில் நிறுத்திப் பார்த்திருக்கிறேன். வலது காலை நீட்டித் தொட்டுவிட்டு அவள் இடது பக்கம்தான் திரும்புவாள். திரும்புகிறபோது இடது கால் ஒரு கணம் தரையில் அப்படியே நிற்கும். நேரில் பார்க்கிறவனுக்குத் தெரியாது. பதிவை நிறுத்தி, பின்னால் ஓட்டி, திரும்ப நிறுத்தினால்தான் தெரியும். அவள் வலது காலை நீட்டினாள். மகராசி அந்தக் காலைப் பார்க்கவே இல்லை. ஓரத்தில் பதுங்கி நின்றவள், இடது கால் தரையில் பட்டதும் கணுக்காலைப் பிடித்தாள். பிரிஸ்கில்லா பக்கத்திலிருந்து வந்து மேலே விழுந்தாள். கோட்டுக்கு ஒரு ஜாண் இருந்தது. முப்பத்திரண்டுக்கு முப்பத்தொன்று.

பதிவில் அந்த இடத்தில் படம் நாலு நொடி வானத்தைப் பார்க்கும். யாரோ ஸ்டாண்டைத் தட்டிவிட்டார்கள், கூட்டம் அப்படி. 'பிடி மகராசி, விட்றாத, விட்றாத' என்று ஒரு குரலும் கேட்கும். மைக் பக்கத்தில் நின்ற யாரோ. அது என் குரல் என்கிறார்கள். என் குரல் அவ்வளவு கட்டையா. இவ்வளவு நேரம் கேட்கிறீர்களே, நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் எனக்கு அப்போதே பொறி தட்டிவிட்டது. பதிவைப் பார்க்காமல் அந்தப் பிடி வராது. கூட்டம் கலைந்ததும் டீச்சரிடம் போனேன். பிள்ளைகளுக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி, நீங்களும் ஒரு கலர் குடிங்க."

"டீச்சர், அந்தப் பிடி பதிவப் பாக்காம வராது."

"வராது அண்ணாச்சி."

"யாரு குடுத்தா?"

"எல்லாருந்தான்," என்றார். மறைக்கவே இல்லை. சிரித்துக்கொண்டே சொன்னார்.

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. ஒருவர் இரண்டு பதிவையும் ஹார்டு டிஸ்க்கில் ஏற்றியிருக்கிறார். இன்னொருவர் அதைப் பைக்கில் கொண்டுபோய்ச் சுரண்டையில் கொடுத்திருக்கிறார். டீச்சர் ஊர்க் கல்யாண வீட்டுக்கு வேலாயுதத்தின் ஜெனரேட்டர் வண்டி போயிருக்கிறது. வண்டியில் வயர்ப் பெட்டிக்குள் டிஸ்க். கரண்ட் போனால் பதிவு பார்ப்பது நின்றுவிடக் கூடாதென்று, ஒரு சின்ன ஜெனரேட்டரை வாடகை இல்லாமல் பள்ளிக்கூடத்து வாசலில் இறக்கிவிட்டும் வந்திருக்கிறார்கள். ஒன்பது பேருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. என் பட்டியலில் அந்த வாரம் இதில் ஒரு பைட்கூட ஏறவில்லை.

கரண்ட் ஆபீஸில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது தம்பி. கொக்கி. மீட்டருக்கு வராமல் லைனிலிருந்து நேரே இழுப்பது. வயிற்றெரிச்சல் எனக்கு அதுதான். டீச்சர் ஜெயித்ததில் எனக்கு என்ன நஷ்டம். கொடுக்கிறவர்கள் முறையாகக் கொடுக்க வேண்டாமா. அவ்வளவு கொடுத்தும் ஒருவர் பெயரிலும் ஒன்றும் பதிவாகவில்லையே, அது அவர்களுக்குத்தானே நஷ்டம்.

செப்டம்பர் ஏழாம் தேதிக் கூட்டத்தில் எழுந்து கேட்டேன்.

"குடுத்தது தப்பாவே?" என்றார் வேலாயுதம்.

"கணக்கில்லாம குடுத்தது தப்பு."

"அப்பம் கணக்க நிப்பாட்டிருவோம். தப்பு போயிரும்லா."

அதையே தீர்மானமாகப் போட்டுவிட்டார்கள். ஆதரவு பத்து, எதிர்ப்பு ஒன்று. டீச்சர் பெயரை அன்றைக்கே திரும்பச் சேர்த்துவிட்டேன், தீர்மானப்படி. கிளம்பும்போது டீச்சர் என்னிடம் வந்து, "கணக்கு போனாப் போகுது அண்ணாச்சி, நீங்க காமிராவ மட்டும் விட்டுராதீக. ஒங்கள மாதிரி முழுசா எடுக்க ஆள் கிடையாது," என்றார். என் கம்ப்யூட்டரில் மட்டும் அந்த நிரல் இன்னும் ஓடுகிறது. இப்போது பழைய ரீடிங்கைக் கழித்துத்தான் பார்க்கிறேன்.

நீங்கள் ராமையன்பட்டியில் இறங்க வேண்டும் என்றீர்களே, அடுத்த நிறுத்தம் அதுதான். லேப்டாப்பை மூடிக்கொள்ளுங்கள். முடிந்தது, இன்னும் ஒரே ஒரு தகவல்தான். செப்டம்பர் ஒன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை மாநில முகாமுக்கான பட்டியல் வந்தது. டீச்சர் அணியிலிருந்து இரண்டு பெயர். ரா. மகராசி, அ. பிரிஸ்கில்லா.